கடிக்காத செருப்பு

என் அண்ணி ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். அண்ணியை ‘பார்க்கிறாள்’ என்று எழுதலாமா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ‘பார்க்கிறார்’ என்று எழுதினால் அண்ணியே சண்டைக்கு வருவாள். “என்னைப் பாத்தா ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டர் மாதிரியா இருக்கு உனக்கு?” என்பாள். வீட்டில் சமாதானம் முக்கியம். ஆகவே பார்க்கிறாள்.

கடைவீதி முனையில் கண்ணாடிக் கதவு போட்ட நீளமான கூடம்தான் கடை. மூன்று சுவர்களிலும் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். நடுவில் ஒரு குட்டை முக்காலி. அண்ணியின் இடம் அது. வந்தவர் காலை நீட்டினால் செருப்பை மாட்டிவிட்டு, கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திப் பார்ப்பாள். பெருவிரல் நுனி, சுண்டுவிரல் ஓரம், குதிகால் மேடு. பிறகு தலையை ஆட்டுவாள். “வேணாங்க. இது உங்களைக் கடிக்கும்.” முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார். விற்க வந்தவள் வாங்காதே என்கிறாளே என்று அவருக்கு வயிறு எரியும். ஆனால் அண்ணி ‘இது சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தச் செருப்பு அந்தக் காலுக்காகவே செய்த மாதிரி இருக்கும். அதனால் ஜனங்கள் அவள் எதிரே இடம் காலியாகும் வரை நின்று வாங்கினார்கள். முதலாளியும் பல்லைக் கடித்தபடியே சம்பளம் கொடுத்தார்.

அண்ணிக்கு இந்த வித்தை எப்படி வந்தது என்றால், அவள் குடும்பத்துக்கே செருப்புதான் பரம விரோதி. அம்மாவுக்கு, தாய்மாமாவுக்கு, இவளுக்கு, மூன்று பேருக்கும் கொஞ்சம் நடந்தால் போதும், உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பும். வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். அரிசி மாதிரி ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் புளியங்கொட்டை அளவு நீர் கோத்துக்கொண்டு நிற்கும். செருப்புக் கடி என்பார்கள். நமக்கும்தான் புதுச் செருப்பு கடிக்கிறது, நாலு நாளில் பழகிவிடுகிறது. இவர்களுக்கு மட்டும் எந்தச் செருப்பும் எத்தனை வருஷமானாலும் பழகவில்லை.

அதனால் அந்தக் குடும்பமே உட்கார்ந்து பார்க்கிற வேலைகளாகப் பிடித்துக்கொண்டது. அண்ணியின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், சினிமா கொட்டகையில் டிக்கெட் கொடுப்பவர். மாமா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். எங்களுக்குக் கடிகார மாமா. தெருவில் அவர்களுக்கு ‘உட்கார்ந்தான் வீடு’ என்றே பெயர். சோம்பேறிக் கூட்டம் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் உண்டு. அத்தை அதற்கெல்லாம் அசரமாட்டார். “எங்க வம்சம் அப்படி. பூ மாதிரி பாதம். சரியான செருப்பு இன்னும் எவனும் செய்யல” என்று தலையை நிமிர்த்திச் சொல்வார். கடிகார மாமாவோ ஊரில் செருப்புத் தைக்கிற ஒருவரையும் விட்டுவைக்காமல் சண்டை போட்டவர். ஒரு முறை, தையல் உறுத்துகிறது என்று செருப்பை உள்ளே வெளியாகத் திருப்பித் தைக்கச் சொன்னார். இன்னொரு முறை, பாதத்துக்கு உரமேற்றுகிறேன் பேர்வழி என்று வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடந்து, ஒரு வாரம் கட்டிலில் கிடந்தார்.

எங்கள் அண்ணன் பெயிண்டர். வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவன். ஆள் நெடுநெடுவென்று இருப்பான், பேச்சு மட்டும் அளந்துதான் வரும். ஒரு நாள் செருப்பு வாங்கப் போனான். அண்ணி மூன்று ஜோடி மாட்டிப் பார்த்துவிட்டு மூன்றும் வேண்டாம் என்றாள். மறுநாளும் போனான். மறுபடியும் வேண்டாம் என்றாள். அந்த வாரம் முழுக்கப் போனான். காலில் பழைய செருப்பு வார் அறுந்து, இழுத்து இழுத்து நடக்கிறான், எங்கள் அம்மா, “ஊர்ல வேற கடையே இல்லையாடா?” என்று கத்துகிறாள், இவன் பதில் சொல்லாமல் தலை சீவிக்கொண்டிருக்கிறான். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்னால் அண்ணி அவனைக் கடையின் பின்பக்கம், பெட்டிகள் அடுக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காலுறையைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டினாள். அப்போது நடு வெயில் காலம். “நல்லா பாத்துக்கங்க. பாத்துட்டு சொல்லுங்க.” அண்ணன் குனிந்து பார்த்தான். “வலிக்குதா?” என்று கேட்டான். அதுவரை அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் ‘எந்தச் செருப்பு போட்ட?’ என்றுதான் கேட்டிருக்கிறார்களாம். வலிக்கிறதா என்று கேட்ட முதல் ஆள் இவன். இதை அண்ணியே பிறகு என்னிடம் சொன்னாள்.

கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கடிக்காத செருப்பு ஒன்றைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் குழந்தை வேண்டாம். அண்ணன் சரி என்றான். சீக்கிரம் கிடைத்துவிடும் என்று நினைத்தான், அப்பாவி.

அதற்குப் பிறகு அண்ணி தேடிய தேடல் இருக்கிறதே! கடைக்குப் புதுச் சரக்கு வந்தால் முதல் ஜோடி அவள் காலில். ரப்பர், கேன்வாஸ், பஞ்சு வைத்தது, ஆட்டுத்தோல், கம்பளி, எல்லாம் பார்த்தாள். பழைய மெத்தையைக் கிழித்துத் தானே ஒரு ஜோடி தைத்தாள். அதைப் போட்டு நடந்தால் இரண்டு தலையணைகள் வாக்கிங் போகிற மாதிரி இருந்தது. வருஷங்கள் ஓடின. பீரோவில் அண்ணனின் சட்டைகளுக்கு இடமில்லாமல் போனது. “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று இழுக்கும் சொந்தக்காரர்களிடம், “இன்னும் சைஸ் வரல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். கேட்டவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் அடுத்தவர் வீட்டில் குழந்தைகள் அறைக்கு வண்ணம் அடித்தால், கேட்காமலே இன்னொரு பூச்சு சேர்த்து அடிப்பான். சுவரில் இடுப்புக்குக் கீழே ஒரு துளி பிசிறு இருந்தால்கூட மண்டியிட்டுத் தேய்ப்பான். “அவ்வளவு கீழ யாருடா பாக்கப் போறா?” என்றால், “பாக்கறவங்க இருப்பாங்க” என்பான். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஒரு நாள் தாங்கமுடியாமல் அண்ணியிடமே வெடித்துவிட்டேன்.

“அண்ணி, செருப்புக்கும் பிள்ளைக்கும் என்ன அண்ணி சம்பந்தம்? ஊர்ல எல்லாரும் செருப்பு பாத்துட்டுதானா பிள்ளை பெத்துக்கறாங்க?”

அண்ணி கோபப்படவில்லை. கையில் இருந்த காலுறையை மடித்தபடியே சொன்னாள். “ஸ்கூல்ல எல்லாரும் ஓடிப் பிடிச்சு விளையாடுவாங்க தம்பி. நான் மைதானத்து ஓரமா உட்காந்திருப்பேன். எல்லார் பையும் என் மடியில. எல்லார் செருப்பும் என் பக்கத்துல. காவல். ஓடாதே, கால் போயிடும்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க. எனக்குப் பொறக்கறது எவ பையையும் காவல் காக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

நான் பட்டறைக்குப் போய்விட்டேன். அண்ணி கடைக்குப் பின்தெருவில்தான் என் இருசக்கர வாகனப் பட்டறை. வெயில் காலத்தில் மதியம் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு குளிர்காற்றுக்காக அவள் கடைக்குப் போய்விடுவேன். அப்படித்தான் ஒரு நாள் போனேன். கடையில் ஏசி வேலை செய்யவில்லை. உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. ஷட்டர் வேறு மக்கர் பண்ணியதால் அண்ணியும் சேர்ந்து இழுத்துத் தூக்கியிருக்கிறாள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் வந்து முக்காலி எதிரே உட்கார்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணி செருப்பை மாட்டி அழுத்திப் பார்க்க, அவர் செருப்பைப் பார்க்காமல் அண்ணியின் கையைப் பார்த்தார்.

“கையில என்னம்மா?”

“ஒண்ணுமில்ல மேடம். கொப்புளம். எங்க வீட்ல எல்லாருக்கும் வரும். செருப்புக் கடி.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “கைக்கும் செருப்பு போடுவீங்களா?”

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அண்ணி என்னை முறைத்த முறைப்பில் சோறு தொண்டையில் நின்றது.

“கைக்கு ஷட்டர் மேடம். இல்லாட்டி துடைப்பம். இல்லாட்டி பஸ் கம்பி. அது வேற, இது வேற.”

“வேற எங்கயாவது வருமா?”

“தவழ்ற வயசுல முட்டியில வந்துச்சாம். அது தரை.”

“ஆக, செருப்பு, ஷட்டர், துடைப்பம், பஸ் கம்பி, தரை, எல்லாம் ஒண்ணா சேந்து உங்க குடும்பத்துக்கு எதிரா சதி பண்ணுது. அப்படித்தானே?”

டாக்டரம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய ஷூ லேஸ் கட்டிலிருந்து வெள்ளையில் ஒன்றும் கறுப்பில் ஒன்றும் உருவினார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“மேல்தோலோட அடி அடுக்குல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மெல்லிசா நூல் நூலா ஒரு வலை இருக்கும்மா. கெரட்டின்னு பேரு. செல்லுக்கு எலும்புக்கூடு மாதிரி அதுதான். தேச்சாலும் இழுத்தாலும் செல் கிழியாம பிடிச்சு வைக்கிறது அது வேலை. அந்த நூல் ஒத்தையா நிக்காது. ரெண்டு வகை, ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கணும்.” வெள்ளையையும் கறுப்பையும் சேர்த்து முறுக்கிக் காட்டினார். “இந்த வெள்ளை நூலை எப்படிச் செய்யணும்னு சொல்ற ஜீன் ஒண்ணு நம்ம எல்லாருக்கும் இருக்கு. அம்மாகிட்டருந்து ஒரு பிரதி, அப்பாகிட்டருந்து ஒரு பிரதி. உங்களுக்கு அதுல ஒரு பிரதியில சின்னதா ஒரு எழுத்து மாறியிருக்கும்னு நினைக்கிறேன். அந்தப் பிரதி செய்யற நூல் இத்துப்போன நூல். சூடும் உராய்வும் சேந்தா வலை சரிஞ்சுடும், செல் கிழிஞ்சுடும், நீர் கோத்துக்கும்.”

அண்ணி லேஸை வாங்கி விரலில் சுற்றிப் பார்த்தாள். “ஒரு பிரதிதானே கெட்டது? இன்னொண்ணு நல்ல நூல் செய்யுதுல்ல? அது தாங்கக் கூடாதா மேடம்?”

“நல்லதும் கெட்டதும் கலந்துதான் முறுக்கிக்குது. கயித்துக்கு நடுவுல இத்த நூல் ஓடுனா முழுக் கயிறும் வீக்குதானே.”

“அப்போ தையல் விட்டது செருப்புல இல்லையா?” அண்ணி மெதுவாகக் கேட்டாள். “எங்க தோலுக்குள்ளயா?”

டாக்டரம்மா ஆமாம் என்று தலையாட்டினார். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். போகும்போது செருப்பு வாங்கவில்லை. அண்ணி இரண்டு லேஸையும் கையில் வைத்துக்கொண்டு முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “கடிக்காத செருப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம் தம்பி. அப்போ பிள்ளையும் கிடையாது.” எனக்கு அந்த டாக்டரம்மா மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இவரை யார் இந்தக் கடைக்கு வரச் சொன்னது?

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் குடும்பத்தில் பெரிய ரகளை. அத்தை, “எங்க வம்சத்துல நோயா? நாக்குல நரம்பில்லாம பேசறா அந்த டாக்டர்!” என்று குதித்தார். கடிகார மாமா வரவே மாட்டேன் என்றார். அண்ணி, “மாமா, நீங்க வரலன்னா உங்க பழைய செருப்பையெல்லாம் கொண்டுபோய் டாக்டர் மேஜை மேல கொட்டுவேன்” என்றாள். வந்தார். மூன்று பேரும் பாதத்தின் ஓரத்தை ஊன்றி, ஒரே மாதிரி சாய்ந்து சாய்ந்து நடந்து வந்ததைப் பார்த்த நர்ஸம்மா, பேர் கேட்காமலே, “தோல் டாக்டர் சொன்ன குடும்பமா? உள்ள போங்க” என்றார்.

ரத்தம் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சொன்னது சரிதான். மூன்று பேருக்கும் ஒரே ஜீனில், கெரட்டின் பதினான்கு என்று பேராம், ஒரே இடத்தில், ஒரே எழுத்து மாறியிருந்தது. உங்களுக்கு இருப்பது இந்த நோயில் லேசான வகை, கொப்புளம் வடு இல்லாமல் ஆறிவிடும், உயிருக்கு ஒன்றுமில்லை என்று விளக்கினார். காலைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், வியர்வையை ஒற்ற வேண்டும், கொப்புளத்தைச் சுத்தமான ஊசியால் குத்தி நீரை எடுத்துவிட்டு மேல்தோலை உரிக்காமல் விட வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்ட மாமா தொண்டையைக் கனைத்தார். “டாக்டர், நான் செருப்புத் தைக்கிறவங்க எல்லார்கிட்டயும் சண்டை போட்டிருக்கேன். ஒருத்தரை திருடன்னுகூட சொல்லிட்டேன். அவங்க மூஞ்சியில இனிமே எப்படி முழிக்கறது?” டாக்டரம்மா சிரித்துவிட்டார். அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வம்சத்தின் மானத்தை உத்தேசித்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. “குழந்தை பொறந்தா?” என்று கேட்டாள்.

“ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வரலாம், வராமலும் போகலாம்.”

“வந்தா, ஓடக் கூடாதுல்ல?”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. “ஏன் ஓடக் கூடாது?”

“கால் போயிடுமே.”

“கொப்புளம் வரும்மா. வலிக்கும். ஆறிடும். வலி எவ்வளவு தாங்குதோ அவ்வளவு ஓடட்டும், முடியலன்னா உட்காரட்டும். ஓடவே கூடாதுன்னு யார் சொன்னது?”

அண்ணி அம்மாவைப் பார்த்தாள். அத்தை தன் தம்பியான மாமாவைப் பார்த்தார். கடிகார மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “என்கிட்ட எங்கம்மா சத்தியம் வாங்கினாங்க. நான் உன்கிட்ட வாங்கினேன்” என்று அத்தை முணுமுணுத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தெருக் கதவு வரைக்கும் இரண்டு பக்கமும் மரம் வைத்த நீளமான பாதை. அண்ணி என் கையில் கைப்பையைத் திணித்தாள்.

“தம்பி, இதைப் பிடி.”

“ஏன் அண்ணி?”

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டமா அது! முழங்கை ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம், புடவை காற்றில் ஒரு பக்கம். வாழ்க்கையில் ஓடியே பழகாதவள் ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கையில் கம்புடன் நின்ற காவல்காரர், சங்கிலிதான் போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு, “எவன்மா? எந்தப் பக்கம் போனான்?” என்று கத்தியபடி அவளுக்குப் பின்னாலேயே ஓடினார். தெருக் கதவைத் தொட்டு நின்ற அண்ணிக்கு மூச்சும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. சிரிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது. காவல்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அத்தையும் மாமாவும் தூரத்தில் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். நான் பெண்கள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடுப்பாதையில் குதித்துக் கைதட்டினேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தால் எனக்கென்ன?

மறுநாள் காலையில் அண்ணி என்னை மாடியில் தங்கள் அறைக்குக் கூப்பிட்டாள். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பக்கத்தில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். வலது காலில் இரண்டு கொப்புளம், இடது குதிகாலில் ஒன்று.

“பாத்தியா? ஓடினதுக்கு இதான். இதே மாதிரி மார்க்கெட் போயிட்டு வந்தாலும்தான் வந்திருக்கும். இவ்வளவுதானா தம்பி? இதுக்கா நான் ஸ்கூல் முடியற வரைக்கும் பை காவல் காத்தேன்?” கோபமும் சிரிப்புமாகக் கேட்டாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். “ஏங்க. செருப்பு கிடைக்காதாம். இனிமே தேடப் போறதில்ல.”

அண்ணன் நிமிர்ந்தான். “அப்போ?”

“அப்போன்னா என்ன அப்போ? எல்லாத்தையும் நானே விளக்கிச் சொல்லணுமா?”

அண்ணனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. கழுவிய தூரிகையை மறுபடியும் பெயிண்ட் டப்பாவில் முக்கினான். அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “பாதிக்குப் பாதி. வந்துட்டா என்னைச் சொல்லக் கூடாது.”

அண்ணன் தூரிகையை டப்பாவிலேயே விட்டான். “வந்தா உன் கால். வரலன்னா என் கால். என் கால் என்ன பெரிய அழகா?” என்றான். அவன் பேசியதிலேயே மிக நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். நான் அங்கே நின்றுகொண்டிருப்பது எனக்கே நன்றாகப் படவில்லை. கீழே இறங்கிவிட்டேன்.

சில மாதத்தில் அண்ணி உண்டானாள். குழந்தைக்கும் இது இருக்கிறதா என்று வயிற்றில் இருக்கும்போதே பார்த்துச் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணி யோசித்தாள், பிறகு மறுத்துவிட்டாள். “தெரிஞ்சுக்கிட்டு? கவலைக்கு முன்பதிவு பண்ணி வெச்சுக்கவா?” அந்த மாதங்களில் அவள் முகத்தில் இருந்த களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலாளிகூட பல்லைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, முக்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டார். பீரோ காலியானது; கூடை கூடையாகச் செருப்புகளை எடுத்து அக்கம்பக்கத்தில் அளவு பார்த்துக் கொடுத்தோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அண்ணியின் செருப்பில்தான் நடக்கிறார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. வாண்டு என்று கூப்பிடுகிறோம். பிறந்த அன்றே கடிகார மாமா கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியோடு வந்து, குட்டிப் பாதம் இரண்டையும் கடிகாரத்தின் உள்ளே பார்க்கிற மாதிரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “ஒரு புள்ளியில்ல!” என்று அறிவித்தார். நாங்கள் ஆர்ப்பரித்தோம். அண்ணி மட்டும், “நடக்க ஆரம்பிக்கட்டும் மாமா. அப்போ தெரியும்” என்றாள். தவழ்கிற வயது குளிர் காலத்தில் வந்தது. கூடம் முழுக்கக் கம்பளி விரித்து வைத்தோம். ஒன்றும் வரவில்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அண்ணன் கால்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் வாண்டு நடக்க ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம், ஒரு கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ அவசர வேலை இருப்பவள் போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் எல்லாரும் இருந்தோம். அத்தை, மாமா, அண்ணன், நான். வாண்டு நடந்துகொண்டே இருந்தவள் நடுக் கூடத்தில் நின்றாள். ஒரு காலைத் தூக்கினாள். பொத்தென்று உட்கார்ந்து வீல் என்று அலறினாள்.

அண்ணி போய் மடியில் எடுத்துப்போட்டுக் காலுறையைக் கழற்றினாள். குதிகாலில், பட்டாணி அளவுக்கு, பளபளவென்று நீர் கோத்து நின்றது. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். மாமா திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அண்ணன் சுவரோடு சாய்ந்து சத்தமில்லாமல் அழுதான். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எழுத்தை மாற்றி வைத்த எவனாவது எதிரே வந்திருந்தால் ஸ்பேனரால் அடித்திருப்பேன்.

அண்ணி அழவில்லை. கொதிக்கவைத்த ஊசியை வாங்கி, ஓரத்தில் மெல்லக் குத்தி, நீரைப் பஞ்சில் ஒற்றி எடுத்தாள். குழந்தையின் குதிகாலைத் தன் வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதினாள். அலறல் விக்கலாகி, விக்கல் நின்றது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவனா? கேட்டுவிட்டேன். “அண்ணி, வருத்தமா இருக்கா?”

“அவளுக்கு எப்படி வலிக்குதுன்னு எனக்குத் தெரியும் தம்பி” என்றாள் அண்ணி, குழந்தையின் பாதத்தை விடாமல். “எங்கம்மாவுக்கும் தெரியும். ஆனா இதுக்கு மேல ஒண்ணும் ஆகாதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. பயந்தாங்க. எனக்குச் சொல்லிட்டாங்க. நான் ஏன் பயப்படணும்?”

அத்தை குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே சிரித்தார். அதற்குள் வாண்டு அம்மாவின் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, அவள் தோளைப் பிடித்து எழுந்து, ஒரு குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நொண்டி நொண்டி சமையலறைப் பக்கம் கிளம்பிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை.